ஊசிப்பெட்டி கேட்காத கேள்வி

மலையூர் ரேஷன் கடைப் பக்கத்தில் நின்ற, டாக்டர் இல்லாமல் தானே நோய் பார்க்கும் ஊசிப்பெட்டிக்குள் மோனிஷா போய் உட்கார்ந்தாள். அவள் கழுத்துக் கட்டி எலுமிச்சம்பழம் அளவுக்கு வளர்ந்திருந்தது. பெட்டி ஒளியைப் பாய்ச்சிப் பார்த்துவிட்டு, "ஆறு மாதம் கழித்து வாருங்கள்" என்றது.

"எனக்கு முன்னால வந்த ஆம்பளைக்கு கட்டியில ஊசி குத்தி உறிஞ்சி, புத்துநோய் இல்லைன்னு உடனே சொன்னியே. எனக்கு ஏன் குத்தல?"

"ஊசி குத்தத் தாலியைக் கழற்ற வேண்டும். இந்த ஊர்ப் பெண்கள் கழற்றுவதில்லை. பலரிடம் கேட்டுக் கற்றுக்கொண்டேன். இப்போது யாரையும் கேட்பதில்லை."

"என்னைக் கேட்டியா?"

வாசலில் நின்ற கணவன் கோகுல் குனிந்து, தணிந்த குரலில் சொன்னான். "வா புள்ள. அதைக் கழட்டுனா எனக்கு ஆகாதுன்னு அம்மா சொல்லும். ஆறு மாசந்தானே."

மோனிஷா எழவில்லை. மஞ்சள் கயிற்றைத் தலை வழியாகக் கழற்றி, குனிந்திருந்த அவன் கழுத்தில் மாட்டிவிட்டாள்.

"உன் உசுருக்குத்தானே இது? நீயே பத்திரமா வச்சுக்க மாமா. என் உசுரை நான் பாத்துக்கறேன்."

பெட்டியைப் பார்த்துக் கழுத்தை நிமிர்த்தினாள். "குத்து."

ஊசி இறங்கியது. அவள் கண்ணை மூடவில்லை.

பிறகு பெட்டி வரிசையில் நின்ற அடுத்தவளைக் கூப்பிட்டது. நெடுநாளைக்குப் பிறகு அந்தக் கேள்வியைக் கேட்டது. "தாலியைக் கழற்றுகிறீர்களா?"

அவள் முன்பே கழற்றியிருந்தாள். அதை மாட்டிவிடப் புருஷனைத் தேடிக்கொண்டிருந்தாள்.