ஞாயிற்றுக்கிழமைப் பரிகாரம்

செஞ்சிக் கோட்டை அடிவாரத்து மாரியம்மன் கோயிலில் பச்சையம்மா குறி சொன்னால் தப்பாது என்று பேர். அறுபத்தைந்தாம் வருஷத்து ஆடி வெள்ளியன்று, தலையில் துண்டைப் போர்த்திக்கொண்டு வந்து உட்கார்ந்த பெரியவரைப் பார்த்ததும் அவளுக்கு அருள் வரவில்லை. உடம்பு மட்டும் நடுங்கியது.

உபதேசியார் தைரியநாதன்! மாதா கோயிலில் ஜெபம் சொல்லிக் கொடுப்பவர். அம்மனைப் பேய் என்று முப்பது வருஷமாகத் திட்டியவர்.

"மூணு மாசமா தூக்கம் இல்ல தாயே. செத்துப்போன எம்பொண்ணு நைனா, நைனான்னு கூப்புடறா மாதிரியே இருக்குது."

பச்சையம்மா விரிந்த கூந்தலை மஞ்சள் பூசிய முகத்தின் மேல் இழுத்துவிட்டுக்கொண்டாள். "எப்படிடா செத்தா?"

"காலரா. பன்னண்டு வருசம் ஆவுது."

"வர ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும், ஊர் சனம் முன்னால அவ கல்லறையைத் தோண்டுடா. அதான் பரிகாரம்."

அவர் அவள் காலில் விழுந்தார். "அது மட்டும் வாணாம் தாயே! உள்ள வெறும் பொட்டிதான் இருக்குது. தீமிதி பாக்கப் போனான்னு பெல்ட்டால அடிச்சேன். வூட்டை வுட்டே ஓடிட்டா. மானம் போவுமேன்னு காலரான்னு சொல்லிப் பொதைச்சிட்டேன்."

அதை அவர் வாயாலேயே கேட்கத்தான் அவள் காத்திருந்தாள்.

"அடிக்கிற சாமியைத்தான் நீ அவளுக்குக் காட்டினே. இந்த ஆத்தா அவளை மடியில போட்டுக்கிட்டா."

பச்சையம்மா முகத்து மஞ்சளை முந்தானையால் அழுத்தித் துடைத்தாள்.

"தோண்டு. பொட்டியைத் தொறக்கறப்ப நானும் பக்கத்துல வந்து நிக்கிறேன், நைனா."