மலைக்கு ஒரு பார்சல்

அழைப்புமணி ஒலித்ததும், விரித்து வைத்திருந்த பயணப் பெட்டியைச் சுபோதினி கட்டிலின் கீழே தள்ளினாள். அதன் பிறகுதான் கதவைத் திறந்தாள்.

நினைத்தது சரி. மேல்மாடிக் கனகேஸ்வரிதான்.

கொழும்பு வெள்ளவத்தையின் அந்த மாடிக் குடியிருப்பிலிருந்து எவர் விமானம் ஏறினாலும், அவருடைய பெட்டியில் கனகேஸ்வரியின் பார்சல் ஒன்றும் ஏறிவிடும். மிளகாய்த்தூள், பருத்தித்துறை வடை, பனங்கிழங்குப் புழுக்கொடியல் என்று ஏதாவது ஒன்று. போகிற நாடு எதுவானாலும், அதை வாங்கிக்கொள்ள அங்கே அவருக்கு யாராவது இருப்பார்கள். முதுகுக்குப் பின்னால் எல்லாருக்கும் அவர் ‘பார்சல் அக்கா’.

“சுவிஸுக்குப் போறீராம் சுபோ. ஒளிச்சு வைச்சால் எனக்குத் தெரியாதோ?”

“ஒளிக்கேல்லை, கனகக்கா. இருங்கோ, தேத்தண்ணி போடுறன்.”

“ஆரோட போறீர்?”

“தனியத்தான்.”

“தனியவோ! ஒக்டோபரில அங்க குளிரெல்லே?”

“அதுக்காகத்தான் போறன், அக்கா. இலையெல்லாம் மஞ்சளும் சிவப்புமாய் மாறுற காலமாம். முதல்ல சூரிச், பேர்ண். பிறகு மலையில ஒரு சின்னக் கிராமம். பாதி நகரம், பாதி மலை.”

சொல்லும்போதே அவளுடைய முகம் மலர்ந்தது. ஐம்பத்து மூன்று வயதுவரை தம்பியை வளர்ப்பதிலும், படுக்கையில் கிடந்த தகப்பனைப் பராமரிப்பதிலும் காலம் போய்விட்டது. தனக்கென்று போகிற முதற்பயணம் இது. நகரத்துக்கு ஒருநாளைக் கூட்டினால் மலையில் ஒருநாள் குறைகிறதே என்று, மாதக்கணக்காகக் கூட்டிக் கழித்துப் போட்ட திட்டம்.

கனகேஸ்வரி தேநீரை ஊதிக் குடித்தார்.

“நானும் கனடாவில ஆறு மாசம் நிண்டனான். சொந்தக்காரரின்ர அடுப்படியள் எல்லாம் பாத்தாச்சு. நயாகரா மட்டும் பாக்கேல்லை.”

சுபோதினி சிரித்து முடிப்பதற்குள் கைப்பேசி அழைத்தது. சூரிச்சிலிருந்து தம்பி தனஞ்சயன், வீடியோவில்.

“அக்கா, உங்கட பிளானை நான் கொஞ்சம் மாத்திப்போட்டன். என்ர மனுசியின்ர தமையன் வீட்டில சாப்பாடு. பிறகு தங்கச்சி வீடு. பிறகு சித்தப்பா வீடு. ஒரு வீட்டுக்குப் போய் மற்ற வீட்டுக்குப் போகாட்டி, பிறகு நான் இஞ்ச இருக்கேலாது.”

“அப்ப, மலை?”

“மலையை யூரியூப்பில பாக்கலாம். தம்பி இஞ்ச இருக்க, அக்கா தனிய ஹோட்டலில எண்டால் சனம் என்ன கதைக்கும்?”

சுபோதினி வாயைத் திறந்தாள். ஆனால், சின்ன வயதிலிருந்தே அவனிடம் ‘ஏலாது’ என்று சொல்லிப் பழகாத வாய் அது.

“உன்ர விருப்பம்...” என்று அவள் தொடங்கும்போதே கைப்பேசி கனகேஸ்வரியின் கைக்குப் போய்விட்டது.

“தம்பி, நான் மேல்வீட்டுக் கனகக்கா. சுபோவிட்ட ஒரு பார்சல் தந்து விடுறன்.”

‘கடவுளே, இந்த நேரத்திலுமா!’ என்று சுபோதினி பல்லைக் கடித்தாள்.

“அதுக்கென்ன, எயார்போட்டிலயே நான் வாங்கிறன்.”

“உமக்கில்லை. அந்த மலைக் கிராமத்தில, ஹோட்டல் குசினியில சமையல் வேலை செய்யிற பெடியனுக்கு. ஒஸ்வால்ட் எண்டு பேர். தாய் கொட்டாஞ்சேனையில தனிய இருக்கிறா. கையிலதான் குடுக்கோணும்.”

“தபாலில போட்டால் என்ன?”

“தாய் குடுத்ததைத் தபாலில போடுறதோ? உம்மட அம்மா எண்டால் போடுவீரோ?”

தனஞ்சயன் தலையைச் சொறிந்தான்.

“அப்ப, ஒருநாளில குடுத்திட்டு வரட்டும்.”

“பெடியனுக்கு எப்ப லீவு எண்டு ஆருக்குத் தெரியும்? நிண்டுதான் குடுக்கோணும்.”

தனஞ்சயன் பெருமூச்சு விட்டான். “தாயின்ர பார்சல் எண்டால் வேற கதை இல்லை. அக்கா முதல் போட்டபடியே போகட்டும். மற்ற வீட்டுக்காரருக்கு நான் சொல்லுறன்.”

மலை திரும்பக் கிடைத்துவிட்டது. ஆனாலும் சுபோதினிக்கு அது இனிக்கவில்லை. தன்னுடைய ஆசைக்குக் கிடைக்காத மலை, முன்பின் அறியாத ஒருவனுடைய பார்சலுக்குக் கிடைத்திருக்கிறது. அதுவும் சுமைகூலியாக.

விடைபெறும்போது கனகேஸ்வரி கையை அகல விரித்து, அவளுடைய இரு தோள்களையும் தடவினார்.

“மெலிஞ்சு போனீர்” என்றார்.

ஆறுதல் சொல்கிறாராக்கும் என்று சுபோதினி நினைத்துக்கொண்டாள். அந்த ஆறுதல் அவளுக்குத் தேவைப்படவில்லை.

புறப்படுகிற நாளன்று பார்சல் வந்தது. மிளகாய்த்தூளுக்கென்று பெட்டியில் இடம் ஒதுக்கி வைத்திருந்தவளுக்கு, அது பஞ்சுபோல இருந்தது வியப்பாயிற்று. கடதாசிச் சுற்றில் புறக்கோட்டைக் கடை ஒன்றின் பெயர் தெரிந்தது.

“என்ன அக்கா, பாரமே இல்லை?”

“உடுப்புத்தான்.”

“சரி, ஒஸ்வால்டின்ர போன் நம்பரைத் தாருங்கோ. ஆளைத் தெரியாமல் ஆரிட்டக் குடுக்கிறது?”

கனகேஸ்வரி எழுந்து போய், திறந்திருந்த வாசற்கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“அப்பிடி ஒரு பெடியனே இல்லை, சுபோ. மலையில போய் இறங்கினதும் இந்தச் சுவெற்றரைப் போட்டுக்கொண்டு எனக்கு ஒரு படம் அனுப்பும். அண்டைக்குக் கையால அளந்த அளவிலதான் வாங்கினனான், தோள் சரியோ எண்டு பாக்கோணும்.”