யாருக்கும் வேண்டாத வலை

“ஐயோ, அந்தக் கிழிசல்ல கை வைக்காதீங்க!” என்று கத்தவேண்டும்போல் இருந்தது விதுர்ஷாவுக்கு. கத்த முடியாது. நிகழ்வு முடியும்வரை மேடையில் சிலை மாதிரி வாய் திறக்காமல் நிற்பதென்று விதி போட்டதே அவள்தான்.

நூதனசாலை மண்டபம் நிறையச் சனம். முன்வரிசையில் கொழும்பிலிருந்து வந்த நடுவர் மங்கையற்கரசி. கழிவுப் பொருளில் செய்த உடுப்புகளில் ஒன்றை அவர் இன்று தெரிவு செய்வார். அது ஜப்பான் கண்காட்சிக்குப் போகும். இதை நம்பித்தான் விதுர்ஷா வங்கி வேலையை விட்டாள். வீட்டில் இன்னும் ஒருவரும் முகங்கொடுத்துக் கதைப்பதில்லை.

அவள் உடுத்தியிருந்தது மீன்பிடி வலை. கல்லடிக் கரையில் கம்பில் கிடந்ததை, உதவிக்கு வரும் தனோஜனோடு போய் ஈரம் சொட்டச் சொட்ட அள்ளி வந்தாள். எத்தனை தரம் அலசியும் மீன் வாடை போகவில்லை. இருந்த கிழிசல் போதாதென்று கத்தரிக்கோலால் இன்னும் கிழித்தாள். அதெல்லாம் குப்பை கொட்டிக் கெடுத்த வாவியின் காயங்களாம். அந்த உடுப்போடு அவள் நிற்கும் படம் ஊரெல்லாம் சுவரொட்டியாகக் கிடந்தது.

காலடியில் ஒரு மீனவர் இருந்து வேறொரு பழைய வலையைப் பொத்துவதாக நடிக்க வேண்டும். அதற்குத் தனோஜன்தான் நாவற்குடாவில் ஒரு நாடகக்காரரைப் பிடித்தான். அவள் அவர் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை.

மனுசன் பிந்தித்தான் வந்தார். சாரமும் தோளில் துவாயுமாக வாசலில் நின்றவரைக் காவலாளி, “கெதியாப் போங்க ஐயா, தொடங்கிட்டு. முடியும்வரைக்கும் கதைக்கப்படா,” என்று உள்ளே தள்ளிவிட்டார்.

வந்தவர் அவளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். தலையில் கை வைத்தார். பிறகு மடியிலிருந்து வலை ஊசியை எடுத்து அவள் உடுப்பையே பொத்தத் தொடங்கிவிட்டார்! பக்கத்தில் வைத்திருந்த பழைய வலையை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

விதுர்ஷாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கண்ணால் முறைத்தாள். அவர் நிமிர்ந்து பார்த்தால்தானே! “இப்படியுமா கிழிக்கிற...” என்று வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டு அடுத்த கிழிசலுக்குப் போனார். வசனமே இல்லாத வேடத்துக்கு இவர் சொந்தமாக வேறு வசனம் போடுகிறார்!

ராப்பகலாய்க் கிழித்ததெல்லாம் அவள் கண்முன்னே ஒவ்வொன்றாய் மூடிக்கொண்டு வந்தது. போச்சு, எல்லாம் போச்சு. எந்த முகத்தோடு வீட்டுக்குப் போவது?

நிகழ்வு முடிந்ததென்று மணி அடித்தார்கள். மங்கையற்கரசி எழுந்து நின்று கைதட்ட, மண்டபம் முழுக்கத் தட்டியது.

“கிழிஞ்சதைக் காட்டத்தான் எல்லாரும் வாறாங்க. நீங்கதான் அதைப் பொத்தியும் காட்டினீங்க,” என்று அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். “யாருக்கும் வேண்டாமெண்டு எறிஞ்ச வலை! இந்த உடுப்பை நான் இப்பவே கொழும்புக்குக் கொண்டு போறன்.”

விதுர்ஷாவுக்குக் கால் நிலத்தில் படவில்லை. மனதுக்குள் வைததெல்லாம் மறந்துபோய் அந்த மனுசனைக் கும்பிடக் கை எடுத்தாள். அந்த நேரம் பார்த்துத் தனோஜன் மூச்சிரைக்க ஓடி வந்தான்.

“கோவிக்காதீங்க அக்கா. நாடகக்காரருக்குக் காய்ச்சலாம், வரவேயில்ல. இப்பதான் போன் எடுத்துச் சொல்றார்.”

“அப்ப இவர் ஆரு?”

அந்த மனுசன் நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, இனிக் கதைக்கலாமா என்பதுபோல் காவலாளியை ஒருதரம் பார்த்துக்கொண்டு எழுந்தார்.

“எல்லாம் பொத்திட்டன் மனே. கெதியாக் கழட்டித் தாங்க, பொழுதுபட முதல் வலை போடப் போகணும்.”