மேலே ஏறிய கோடு

திண்டிவனம் மண்டி வாசலில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை மூட்டைகளை இறக்கிய கையோடு, கண்ணையன் ஆபீஸ் ஜன்னல் வழியாகக் கம்ப்யூட்டரை எட்டிப் பார்த்தார். திரையில் ஒரு கோடு மேலே ஏறிக்கொண்டிருந்தது.

"வியாபாரி வெல சொல்லிட்டாருங்க. குடுத்துட்லாமா?" என்றாள் மனைவி சின்னபொண்ணு.

"இரு இரு. கோடு ஏறிக்கினே போவுது. வெல ஏறப் போவுதுன்னு தெரிஞ்சிதான் ஜல்தியா வாங்கப் பாக்குறாரு."

பக்கத்தில் இருந்தவர்கள் காதிலும் அது விழுந்தது. கொஞ்ச நேரத்தில் மண்டி முழுக்கப் பரவி, ஒருத்தரும் மூட்டையைக் கொடுக்கவில்லை. வெறும் லாரியோடு திரும்ப மனமில்லாத வியாபாரிகள், சாயங்காலம் விலையைக் கூட்டிக் கேட்டார்கள். எல்லோரும் சந்தோஷமாக விற்றார்கள்.

கண்ணையன் ஜன்னலுக்குள் தலையை நீட்டினார். "தம்பி, மல்லாட்டை வெல ஏறும்னு உன் கம்ப்யூட்டரு காலையிலயே காட்டிடுச்சிப்பா!"

கிளார்க் ஜோஸ்வின் புரியாமல் விழித்தான். "அந்தக் கோடா? அது வெல இல்லீங்க ஐயா. கம்ப்யூட்டரு ரொம்ப ஸ்லோவா இருந்துச்சி. மெமரி எவ்ளோ தின்னுதுன்னு அந்தக் கோட்டுல பாத்துக்கினு இருந்தேன்."

கண்ணையன் ஒருமுறை சுற்றும் முற்றும் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"யார்கிட்டயும் சொல்லிடாத தம்பி. நாளைக்கு எங்க மச்சான் மூட்ட எடுத்துக்கினு வர்றாரு. கம்ப்யூட்டர ஜன்னல் பக்கமா திருப்பி வையி."