ரெட்டைக் குழல்

தாம்பரத்தில் ஒரு வங்கிக் கிளையில் காவலாளியாக இருந்த பூவராகனுக்குப் பட்டாளத்தில் பதினைந்து வருஷ சர்வீஸ். ஞாயிற்றுக்கிழமை ஏதாவது ஒரு சண்டைப் படம் பார்த்துவிட்டு, திங்கட்கிழமை சாப்பாட்டு நேரத்தில் அதன் மானத்தை வாங்குவது அவர் வழக்கம்.

"நேத்துப் படத்துல என்னென்ன துப்பாக்கிண்ணா?" என்று கேட்டாள் கேஷியர் சுப்புலட்சுமி.

"அதை ஏம்மா கேக்குற? வில்லனோட மெஷின் கன், கொசு மருந்து அடிக்கிற பம்ப்பு. கறுப்புப் பெயின்ட் அடிச்சு வச்சிருக்கான். ராக்கெட் விடுற குழாய், நம்ம வூட்டுத் தண்ணி பைப்பு. முனையில மண்ணெண்ணெய்ப் புனல். பட்டாளத்தான் கண்ணை ஏமாத்த முடியுமா?"

"எல்லாமே டூப்பா?"

"ஹீரோயினோட அப்பா வச்சிருந்த ரெட்டைக் குழல் மட்டும் அசல். கட்டையில பித்தளைத் தகடு அடிச்சு, அப்படியே நம்ம பேங்க் துப்பாக்கி மாதிரி."

பக்கத்து மேஜையில் மேனேஜர் பாலகுருவுக்குப் புரையேறியது. கை கழுவியதும் பூவராகனைத் தன் அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"மாதிரி இல்லை பூவராகன், அது நம்ம துப்பாக்கியேதான். படம் எடுத்தவன் என் மச்சான். லைசென்ஸ் புதுப்பிக்கணும்னு உங்ககிட்ட வாங்கிட்டுப் போனேனே, அப்பதான் அவனுக்குக் கொடுத்தேன். இன்னும் திருப்பித் தரலை. வெளியே சொல்லிடாதீங்க, என் வேலை போயிடும்."

பூவராகன் தோளில் தொங்கிய துப்பாக்கியை மெதுவாக இறக்கினார்.

"அப்ப இது, சார்?"

"கீழ்க்கட்டளை ஆசாரி செஞ்சது. எட்டு மாசமா தினமும் எண்ணெய் போட்டுத் துடைக்கிறீங்க, நீங்களே கண்டுபிடிக்கலைங்கிற தைரியத்துலதான் நான் நிம்மதியா இருந்தேன்."