நாலு விரற்கடை

அவர் ஜாஸ் குழுவில் பேஸ் என்னும் ஆளுயரத் தந்தி வாத்தியம் வாசிப்பவர். இணையத்தில் மட்டும் இசை வெளியிடும் சின்னக் கம்பெனி ஒன்றுக்கு முதலாளியும் எடுபிடியும் அவரே. வாசித்து முடித்ததும் மைக்கை அணைக்காமல் ஒலிப்பதிவு அறையைப் பூட்டிக்கொண்டு வெளியேறுவார். ஆளில்லா அறையின் மௌனத்தைத் தொகுப்பின் கடைசியில் ஒட்டுவது அவர் வழக்கம்.

"கடைசியா வாசிச்சீங்களே, அதுதான் பிரமாதம். மத்ததெல்லாம் சுமார்தாங்க" என்றாள் மனைவி.

"கடைசில நான் எங்க வாசிச்சேன்? அது வெறும் அறைடி."

ஹெட்போனை வாங்கிக் கேட்டார். பேஸ் அவருடையதுதான், விரல்கள் வேறு. போய்ப் பார்த்தால், வாத்தியத்தைத் தரையில் தாங்கும், உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் அடிக்கம்பி நாலு விரற்கடை உள்ளே போயிருந்தது, குள்ளமான யாருக்கோ தோதாக.

மறுநாள் வாசித்து முடித்ததும் அடிக்கம்பியைத் தானே நாலு விரற்கடை உள்ளே தள்ளி வைத்துவிட்டு, பூட்டிக்கொண்டு போனார். திரும்பி வந்தவர், சாவியைக் கையில் வைத்துக்கொண்டே தன் அறைக் கதவைத் தட்டிவிட்டுக் காத்து நின்றார்.