இரண்டாவது கையுறை

ஒரு கையுறையைக் கட்டிக்கொண்டபின் இன்னொன்றைக் கட்ட, உலகச் சாம்பியனுக்கும் அடுத்தவர் கை வேண்டும். ரூபே நகரத்துக் குத்துச்சண்டை வீரன் அஷீலுக்கு எட்டு வருடம் கட்டிவிட்டவன் தெசிரே. நாடாவை எச்சில் தொட்டு, உள்மணிக்கட்டில் முடிச்சுப் போடுவான். 1916-இல் வெர்டன் போர்முனையில் செத்துப்போனான்.

1921, ஞாயிறு மதியம். இன்று தோற்றால் அஷீல் மறுபடி நெசவாலைக்குத்தான் போக வேண்டும். புது உதவியாளன் கஸ்தோன் வியர்க்க விறுவிறுக்க அறைக்குள் ஓடிவந்தான்.

"மன்னிச்சுக்கண்ணே, டிராம் நின்னுபோச்சு. அட, ரெண்டு கையுறையையும் யாரு கட்டுனா?"

"தெசிரே."

"செத்தவரா? என்னைவிட நேரத்துக்கு வந்துட்டாரா!"

"அவன் எப்பவும் அப்படித்தான்டா."

கஸ்தோன் சிரித்துக்கொண்டே முடிச்சைத் தொட்டுப் பார்த்தான். ஈரமாக இருந்தது. சிரிப்பு நின்றுவிட்டது.

ஏழாம் சுற்றில் அஷீல் ஜெயித்தான். அறைக்குத் திரும்பியதும் கையுறையை அவிழ்க்க வந்த கஸ்தோனைத் தடுத்தான்.

"இருடா, அவன் வேலைய அவனே முடிக்கட்டும்."

காலியாக இருந்த பெஞ்சுக்கு எதிரே உட்கார்ந்து, இரண்டு கைகளையும் நீட்டினான்.

"நல்லவேள வந்த மாப்ள. உனக்கு நான் என்னடா செய்யப் போறேன்?"

இடது கையுறையின் முடிச்சு முதலில் ஈரமானது. பிறகு, அவசரமே இல்லாமல், அவிழ்ந்தது.